ஆஸ்பத்திரி வானொலி: நம் ஊரில் இல்லாமல் போன ஒன்று



சென்ற இதழில் அம்பத்தூர் ஏரியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு லிஃப்டிலும் வாக்கிங்கிலும் நிறுத்தி விசாரித்த அத்தனை பேருக்கும் நன்றி. இந்த முறை ஆஸ்பத்திரி வானொலி பற்றி எழுதப் போகிறேன் என்று செயலாளரிடம் சொன்னபோது, "ரேடியோவே யாரும் கேக்கறதில்ல, இதுல ஆஸ்பத்திரி ரேடியோ வேறயா சார்?" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி வானொலி என்றதும் டாக்டரிடம் சந்தேகம் கேட்கும் நிகழ்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவமனைக்குள்ளேயே ஒரு சின்ன அறை. அதில் ஒரு மைக், அலமாரி நிறைய இசைத்தட்டு, இரண்டு பேர். அவர்கள் பேசுவதும் போடுகிற பாட்டும் அந்த மருத்துவமனைப் படுக்கைகளுக்கு மட்டும் கேட்கும். காம்பவுண்டு சுவரைத் தாண்டினால் கேட்காது. நடத்துபவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பகலில் கடையிலோ ஆபீஸிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வருகிறவர்கள். இங்கிலாந்தில் இது நூறு வருடமாக நடந்து வருகிறது.

தொடக்கம் அமெரிக்காவில். முதல் உலகப் போர் முடிந்த மறு வருடம், 1919-இல், வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சிப்பாய்கள் படுத்த இடத்திலிருந்தே வானொலி கேட்க வசதி செய்தார்கள். இங்கிலாந்தில் 1925-இல் யார்க் நகர மருத்துவமனையில் தாமஸ் ஹான்ஸ்டாக் என்பவர் 200 ஹெட்ஃபோன்களும் 70 ஒலிபெருக்கிகளும் பொருத்தினார். பி.பி.சி. தொடங்கியே அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. விளையாட்டு வர்ணனையும் சர்ச் வழிபாடும் படுக்கைக்கே வந்தன. லண்டனில் ஒரு நாளிதழ் வாசகர்களிடம் நிதி திரட்டி மருத்துவமனைகளுக்கு இதே வசதியைச் செய்து கொடுத்தது.

வேலை செய்யும் முறை எளிது. நம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி ஒன்று, குழாய் ஒவ்வொரு வீட்டுக்கும். அதே மாதிரி வானொலிப் பெட்டி ஓர் அறையில் ஒன்றுதான். அங்கிருந்து கம்பி ஒவ்வொரு கட்டிலுக்கும். கட்டில் தலைமாட்டில் ஹெட்ஃபோன் தொங்கும். வேண்டியவர் மாட்டிக்கொள்ளலாம், வேண்டாதவர் தூங்கலாம். பக்கத்துக் கட்டிலுக்குத் தொந்தரவு இல்லை. (நம் வாக்கிங் பாதையில் ஃபோனைக் கையில் பிடித்து உரக்கப் பாட்டு வைத்துக்கொண்டு நடப்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.)

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் இது பெரிதாக வளர்ந்தது. 1951-இல் நியூகாசில் நகரில் கால்பந்து மைதானத்திலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக ஆட்ட வர்ணனையை மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மற்ற ஊர்களிலும் கால்பந்து ரசிகர்கள் இதே வேலையில் இறங்கினார்கள். 1970-இல் ஒரு தேசிய சங்கமே அமைந்தது. பிரிட்டன் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்கிய காலம் உண்டு. கென் புரூஸ் என்று பிரபலமான பி.பி.சி. அறிவிப்பாளர் ஒருவர், முப்பது வருடத்துக்கு மேல் காலை நிகழ்ச்சி நடத்தியவர். அவரும் கிளாஸ்கோ ஆஸ்பத்திரி வானொலியில் சும்மா பேசிப் பழகி வந்தவர்தான்.

என்னை இழுத்தது அந்தப் பிரபலங்கள் இல்லை. பெரும்பாலான நிலையங்களில் தொண்டர்களுக்கு ஒரு வேலை உண்டு. மைக் முன்னால் உட்காருவதற்கு முன், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போக வேண்டும். கட்டில் கட்டிலாக நின்று, "உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களை முதலில் இந்த வேலைக்குத்தான் அனுப்புவார்கள். மைக் பிறகுதான்.

நான் முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். இந்த நோட்டு என்ன செய்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. மாதம் ஒன்றாம் தேதி பென்ஷன்காரர்கள் வருவார்கள். பாஸ்புக்கை நீட்டி, "என்ட்ரி போட்டுக் கொடுப்பா" என்பார்கள். என்ட்ரி போட ஒரு நிமிஷம் ஆகும். அவர்கள் பதினைந்து நிமிஷம் நிற்பார்கள். மகன் ஃபோன் செய்யவில்லை, முழங்கால் வலி, பக்கத்து வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை என்று எல்லாம் வரும். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். பாஸ்புக் என்பது வந்து பேச ஒரு சாக்கு. அந்த ஊரில் பாட்டு அதற்கு ஒரு சாக்கு. இரவு எட்டு மணிக்கு, "ஏழாம் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் இருப்பவருக்காக" என்று ஹெட்ஃபோனில் கேட்கும்போது, தன் பக்கத்தில் நின்று பெயர் எழுதிக்கொண்டு போன அதே ஆளின் குரல் அது என்று அவருக்குத் தெரியும். கடை ரேடியோவில் வரும் எந்தப் பாட்டிலும் இது கிடையாது.

காமர்ஸ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இந்த நிலையங்களின் வரவு செலவைப் பார்த்தால் சிரிப்பு வரும். கேட்பவர் காசு கொடுக்க மாட்டார். ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விடுவார், நிரந்தர வாடிக்கையாளரும் இல்லை. உழைப்புக்குக் கூலி கிடையாது என்பதால் அது எந்த லெட்ஜரிலும் ஏறாது. எந்த மேனேஜரும் இதற்குக் கடன் சாங்ஷன் செய்ய மாட்டார். ஆனாலும் நூறு வருடம் ஓடியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை வானொலியில் பின்தங்கிய ஊர் இல்லை. யார்க் மருத்துவமனையில் ஹெட்ஃபோன் மாட்டுவதற்கு ஒரு வருடம் முன்பே, 1924 மே 16 அன்று, சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண வானொலி சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பித்தது. அவர்களும் சம்பளம் இல்லாமல் ஆர்வத்தால் செய்தவர்கள்தான். பணம் போதாமல் 1927 அக்டோபரில் நின்றது. சந்தாவை நம்பிய சங்கம், சந்தா வரவில்லை. நம் அசோசியேஷன் பொருளாளருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்த ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே வானொலி நடத்தியது. குப்பை வாருவதும் தெருவிளக்குப் போடுவதும் போல் பாட்டு ஒலிபரப்புவதும் மாநகராட்சி வேலையாக இருந்தது என்று நினைத்தாலே எனக்கு ஆச்சரியம்தான். வீட்டில் ரேடியோ வாங்க வசதி இல்லாத மக்களுக்காக மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாணவர்களுக்கும் நிகழ்ச்சி போட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை இது நடந்தது.

கடற்கரைக்கு வந்தது, பூங்காவுக்கு வந்தது, பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் ஒரு தொண்டர் நோட்டோடு வந்து நிற்கும் வழக்கம் மட்டும் வரவில்லை.

வானொலிக்கும் நம் பகுதிக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆவடியில் அகில இந்திய வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருக்கின்றன. ராத்திரியில் சிவப்பு விளக்கு எரியும். நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பா ஆவடியில் வேலை பார்த்தார். ரேடியோ பாட்டு எங்கள் தெருவுக்கு மேலேதான் கிளம்பி ஊரெல்லாம் போகிறது என்று அண்ணன் என்னிடம் பெருமையாகச் சொல்வான். அப்படிப்பட்ட தெருவில் இருந்துகொண்டு, வருடா வருடம் போஸ்ட் ஆபீஸில் 15 ரூபாய் கட்டி ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்கி வருவது என் வேலை. கேட்பதற்கே லைசென்ஸ் வேண்டிய காலம் அது. எண்பதுகளில்தான் அது ஒழிந்தது.

கேட்பதற்கே அப்படி என்றால் ஒலிபரப்புவதை யோசித்துப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஐம்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட அரசாங்கத்தைத் தவிர வேறு யாரும் வானொலி நடத்த முடியாது. காற்றலை பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்து, 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமுதாய வானொலி அனுமதி கிடைத்தது. கேரளத்தில் கொல்லம் நகரில் ஒரு மருத்துவமனையே பென்சிகர் என்ற பெயரில் சமுதாய வானொலி நடத்துகிறது. ஆனால் அது ஊருக்குக் கேட்பது. வார்டுக்கு மட்டும் கேட்பது இல்லை.

சட்டம்தான் காரணம் என்று முடித்துவிடலாம் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் ஹெட்ஃபோனும் கம்பியும்தானே? அதற்குக் காற்றலை வேண்டாமே? யோசித்துப் பார்த்ததில் வேறொரு காரணம் பட்டது. இது என் சொந்த அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

அந்தக் கால இங்கிலாந்து மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரம் மிகக் கறார். பல இடங்களில் குழந்தை நோயாளியைக்கூடத் தாய் வாரத்தில் சில மணி நேரம்தான் பார்க்கலாம். பெற்றோரை எந்நேரமும் விட வேண்டும் என்று பிளாட் குழு 1959-இல் அறிக்கை கொடுத்தது; அது நடைமுறைக்கு வரவே பல வருடம் ஆனது. நோயாளி உண்மையாகவே தனி ஆள். காசநோய் சானடோரியத்தில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது.

நம் ஊரில் யார் தனியாகப் படுத்திருந்தார்கள்? கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் பெண்டாட்டி படுத்திருப்பாள். வாசலில் மச்சான் ஃபிளாஸ்க்கோடு நிற்பார். ஊரிலிருந்து சித்தப்பா ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, நோயாளியைத் தவிர மற்ற எல்லோரிடமும் பேசிவிட்டுப் போவார். பக்கத்துக் கட்டில்காரர் சாம்பாரில் கொஞ்சம் நமக்கும் வரும். காசநோயிலும் நம் சென்னைதான் உலகத்துக்கு வழி காட்டியது. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடியத் தொடங்கியது. நோயாளி வீட்டோடு இருப்பதுதான் நம் வழக்கம். அதனால் ஆஸ்பத்திரி வானொலி என்ற ஒன்று இல்லாதது நமக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

அது 2020 வரைக்கும்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் என் அண்ணனுக்குக் கொரோனா. அட்டெண்டர் யாரும் உள்ளே போகக் கூடாது. அண்ணி வீட்டில் தனி அறையில். எங்கள் அத்திப்பட்டுப் பக்கம் குடியிருப்புக் கட்டடங்களையே சிகிச்சை மையமாக மாற்றியிருந்த காலம் அது, உங்களுக்கும் நினைவிருக்கும். அண்ணன் இருந்தது வேறு ஒரு மருத்துவமனையில், ஆறு கட்டில் கொண்ட அறையில். எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு ராத்திரி படுத்ததில்லை. அவனுக்குக் கண்ணில் புரை வேறு. ஃபோனில் படிக்க முடியாது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோன் செய்து, "டேய், சும்மா இருக்க முடியலடா. பேப்பர்ல என்ன போட்டிருக்கான், படி" என்றான்.

படித்தேன். மறுநாளும் ஆறு மணிக்குப் படித்தேன். டோக்கன் நம்பர் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரல் கொஞ்சம் பெரியது. மூன்றாம் நாள் அண்ணன், "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்டா, பக்கத்துல இருக்கறவங்களும் கேக்கணுங்கறாங்க" என்றான். சிஸ்டர் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாராம். பிறகு அவரே கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போனாராம்.

ஆளுக்கொரு விருப்பம் வர ஆரம்பித்தது. இரண்டாம் கட்டில்காரருக்குத் தங்கம் விலை. தை மாதத்தில் பெண் கல்யாணம். மூன்றாம் கட்டில்காரர் திருநின்றவூரில் லாரி வைத்திருப்பவர். அவருக்குப் 'பொன்னியின் செல்வன்' தினம் ஓர் அத்தியாயம் வேண்டும். என் பழைய பதிப்பில் எழுத்துச் சிறியது, இருந்தும் படித்தேன். ஐந்தாம் கட்டிலில் ஒரு பையன். துபாயில் ஐ.பி.எல். நடந்துகொண்டிருந்தது. ஸ்கோர் அவன் ஃபோனிலேயே வரும். ஆனாலும் நான் சொல்லிக் கேட்க வேண்டுமாம்.

ஆறாம் கட்டிலில் பூந்தமல்லி தாண்டி வெள்ளவேடு பக்கத்து விவசாயி ஒருவர். நாலு நாள் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் அண்ணன் மூலமாகக் கேட்டார்: செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது? பேப்பரில் ஒரு மூலையில் தினம் போடுவார்கள், நம்மில் யார் அதைப் பார்க்கிறோம்? நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அதற்குப் பிறகு தினமும் தலைப்புச் செய்திக்கு முன்பே ஏரி நிலவரம் படித்துவிடுவேன். நேற்றை விட எவ்வளவு கூடியிருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அதையும் சொல்வேன். "அந்த அய்யா தலையாட்டறார்டா" என்பான் அண்ணன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வழக்கம் போல் ஏரியில் ஆரம்பித்தேன். "இன்னிக்கு ஏரி வேண்டாம்டா" என்றான் அண்ணன். நான் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. பிறகு பின்னாலிருந்து லாரிக்காரர் குரல், "சார், கதையப் படிங்க" என்றது. படித்தேன்.

அண்ணன் நலமாக வீடு திரும்பினான். நான் செய்ததற்குப் பெயர் உண்டு என்று எனக்குத் தெரிந்தது அதற்குப் பல மாதம் கழித்து, யார்க் மருத்துவமனை பற்றிப் படித்தபோது. அதே 2020-இல் இங்கிலாந்தில் தொண்டர்கள் வார்டுக்குள் போக முடியாமல் தங்கள் வீட்டு அறையிலிருந்தே ஒலிபரப்பினார்களாம். அம்பத்தூரில் பால்கனியில் உட்கார்ந்திருந்த நானும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று நினைத்துக்கொள்கிறேன்.

அங்கேயும் இப்போது இந்த நிலையங்கள் குறைந்து வருகின்றன. கட்டிலுக்குக் கட்டில் டி.வி. திரை வந்தது, பிறகு எல்லோர் கையிலும் ஃபோன். நோயாளிகளும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எந்தப் பாட்டும் இரண்டு தட்டில் கிடைக்கும்போது தொண்டர் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளி எங்கே போகிறார்? நம் நான்கு பிளாக்கிலேயே இடுப்பு எலும்பு ஆபரேஷன், பக்கவாதம் என்று படுக்கையோடு இருப்பவர்கள் எனக்குத் தெரிந்து ஐந்து பேர். பிள்ளைகள் வெளிநாட்டில். பாய் போட்டுப் படுக்கப் பெண்டாட்டி இல்லை, அல்லது அவருக்கும் முடியவில்லை. ஏஜென்சி மூலம் வந்த பெண் பொறுப்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார். மருந்து கொடுத்த பிறகு அவரும் தன் ஃபோனைத்தானே பார்ப்பார்?

செயலாளர் கேட்டதற்கு என் பதில் இதுதான்: சென்ற தை மாதத்திலிருந்து புதன், சனி மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குரூப் காலில் மூன்று பேருக்கு நான் பேப்பர் படித்து வருகிறேன். அவர்கள் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரை மணி நேரம். கோவில் செய்தி, தங்கம் விலை, ஒரு பழைய சிறுகதை. மழைக்காலத்தில் நான் என்ன படிப்பேன் என்று உங்களுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை நேரில் போய் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். இதை மட்டும் ஃபோனில் செய்வதில்லை.

இன்னும் இரண்டு குரல் வேண்டும். மற்ற இருவரில் ஒருவருக்குத் தெலுங்கு, ஒருவருக்கு மலையாளம். எனக்கு இரண்டும் படிக்கத் தெரியாது. பாடத் தெரிந்தவர் வந்தால் வரவேற்பு, பாடத் தெரியாமல் பாடுபவர் முதலில் என்னிடம் பாடிக் காட்டவும். விருப்பமுள்ளவர்கள் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளப் ஹவுஸுக்கு ஒரு நோட்டோடு வாருங்கள். பேனா நான் தருகிறேன். கவுண்டரில் நூல் கட்டி வைத்திருப்போமே, அந்த மாதிரிப் பேனா. போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.